ஏட்டையாவுக்காக ஒத்துக்கொண்ட கேஸ்

நயா பைசா புழக்கத்துக்கு வந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருந்த சமயம். திண்டுக்கல் கடைத்தெருவில் ஒற்றை மெஷின் போட்டுத் தையல் கடை வைத்திருந்தேன். வீடு கிழக்கே சாணார்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமம். காலையில் நத்தம் ரோடு வழியாகச் சைக்கிளில் வருவேன், பொழுது சாயும்போது அதே ரோட்டில் திரும்பிப் போவேன். கடை, வீடு, சைக்கிள், இவ்வளவுதான் என் சொத்து. வாய் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அந்த வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நகராட்சிச் சுவரில் சைக்கிள்காரர்களுக்கு என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இடது ஓரம் போகணும், மணி வேணும், பிரேக் வேணும், இருட்டினால் விளக்கு வேணும், வரி கட்டிய வில்லை மாட்டியிருக்கணும் என்றெல்லாம். அதை நான் வரி விடாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஒருதரம் யாரோ பெரிய அதிகாரியின் ஜீப் வருகிறது என்று ஒரு போலீஸ்காரர் என்னை ரோட்டை விட்டே இறங்கச் சொன்னார். நான் இறங்கவில்லை. “இடது ஓரம் எனக்குச் சட்டப்படி உள்ள எடம்யா, ஜீப்பு நடுவால போகட்டும்” என்றேன். அவர் பேசாமல் குனிந்து ரெண்டு சக்கரத்துக் காற்றையும் பிடுங்கிவிட்டுப் போனார். சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன். ஆனாலும் ஜெயித்தவன் நான்தான் என்று ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட எனக்குப் போலீஸில் ஒரு சிநேகிதரும் இருந்தார். ஏட்டு. காக்கி நிஜாரை இடுப்பில் விட்டுத் தரச் சொல்லி வருஷத்துக்கு ரெண்டுதரம் வருவார். கையூட்டு வாங்காத மனுஷன். மூணு பெண் குழந்தைகள். கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். ஒரு மாசக் கடைசியில் முகம் வாடி வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, இந்த மாசம் இன்னும் ஒரு கேஸு கொறையுது. இன்ஸ்பெக்டர் உசுர எடுக்குறாரு. வெளக்கில்லாமப் போனேன்னு ஒம்பேர எழுதிக்கிறட்டா? கோர்ட்டுல வந்து ஆமாங்கன்னு ஒத்த வார்த்தை சொல்லிரு, அம்புட்டுத்தான். அபராதம் எம்பாடு.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது அப்போது கடைத்தெருவில் சர்வசாதாரணம். சோடாக் கடைக்காரர் டபுள்ஸ் போனதாக ஒரு கேஸ் ஒத்துக்கொண்டிருந்தார், அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. என் சைக்கிளில் டைனமோ விளக்கு. சுற்று வட்டாரத்தில் டைனமோ வைத்தவர்கள் நாலைந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். அந்தச் சைக்கிளுக்கு விளக்கில்லாத கேஸா என்று கேலி பண்ணிவிட்டு, சரி எழுதிக்கங்க என்றேன். வேண்டிய மனுஷர் வாய் விட்டுக் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது?

கோர்ட்டில் வரிசையாகப் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். என் பேரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஆமாங்க” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் ஏட்டையா காபி வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குத் தைக்க வேண்டிய ரெண்டு ரவிக்கை தாமதமாகப் போனதைத் தவிர எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதோடு அதை மறந்தும் போனேன்.

அடுத்த கார்த்திகை மாசம். எங்கள் ஊரில் ஒரு கொத்தனார் இருந்தான், என்னை விட நாலைந்து வயசு இளையவன். டவுனில் வேலை இருக்கிற நாளெல்லாம் என்கூடத்தான் சைக்கிளில் திரும்புவான். அவன் சைக்கிளில் மண்ணெண்ணெய் விளக்கு. அன்றைக்கு டவுனைத் தாண்டியதும் ரோட்டோரத்து டீக்கடையில் நிறுத்தினோம். இருட்டத் தொடங்கியிருந்தது. அவன் விளக்கைப் பற்றவைக்கப் பார்த்தான், காற்றில் நிற்கவில்லை. நான் குனிந்து ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு என் தீப்பெட்டியிலிருந்து கிழித்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். டீக்கடைக்காரர் காற்று அடங்கும் வரைக்கும் செத்த நேரம் இருந்து போங்களேன் என்றார். நாங்கள் கேட்கவில்லை.

அவன் முன்னால், நான் பின்னால். இடது ஓரமாகத்தான் போனோம். அவன் விளக்கு வெளிச்சம் மஞ்சளாக ரோட்டில் ஆடிக்கொண்டே போனது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எதிரே ஒரு மாட்டுவண்டி. அதற்குப் பின்னால் வந்த பிளசர் கார் ஒன்று வண்டியை முந்துகிறேன் என்று நேரே எங்கள் பக்கத்துக்கு ஏறி வந்தது. நான் பள்ளத்தில் விழுந்தேன். அவன் காரில் அடிபட்டான்.

எழுந்து ஓடிப் பார்த்தால் தொடை எலும்பு முறிந்து கிடக்கிறான். விளக்கு நொறுங்கி மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது. கார் டிரைவர் இறங்கி வந்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? “வெளக்கில்லாம ஏண்டா வாரீங்க?” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிறகு அதே காரில்தான் அவனைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாட்டுவண்டிக்காரர் பாரத்தின் மேல் தூங்கிக்கொண்டு வந்தாராம், ஒன்றையும் பார்க்கவில்லை.

டிரைவர் மேல் கேஸ் ஆனது. கார்க்காரர் பக்கம் பெரிய வக்கீல் வைத்தார்கள். சைக்கிளில் விளக்கே இல்லை, இருட்டில் தெரியவில்லை, இதுதான் அவர்கள் கட்சி. ஆக, விளக்கு எரிந்ததா இல்லையா என்பதிலேயே எல்லாம் நின்றது. எரிந்தது என்று ஆனால் டிரைவர் மேல் தப்பு, அதை வைத்து நஷ்டஈடு கேட்கலாம். இல்லை என்று ஆனால் தப்பு கொத்தனார் மேல். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவன் நஷ்டஈட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. “அண்ணே, நா வெளக்கோடதான் வந்தேன்னு கோர்ட்டுல எழுதிரணும்ணே. வெளக்கில்லாமப் போயி விழுந்தான்னு ஊருக்குள்ள பேசுறாங்களாம்” என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

டீக்கடைக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, நானும் வந்து சொல்லட்டா என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். கடையை அடைத்துப் போட்டுவிட்டு நீங்க எதுக்கு அலையணும், கண்ணால் பார்த்தவன் நான் ஒருத்தன் போதாதா, சட்டம் எனக்கு அத்துபடி என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்று, தீக்குச்சி கிழித்ததிலிருந்து எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னேன். எனக்கே திருப்தியாக இருந்தது. அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். என் சைக்கிளுக்கு விளக்கு உண்டா என்று கேட்டார். டைனமோவே இருக்கு என்றேன். எப்பவும் விளக்கோடுதான் போவீர்களா என்றார். ஒருநாள்கூடத் தவறியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

“அப்படின்னா இதே கோர்ட்ல, வெளக்கில்லாமப் போனது உண்மைன்னு ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினது யாரு?”

நான் ஆமாங்க சொன்ன அன்றைக்கு அவர் வேறு ஏதோ கேஸுக்காக அங்கேதான் உட்கார்ந்திருந்தாராம். பதிவேட்டின் நகலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அன்றைக்கு அந்தத் தவளை நான்தான். வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். அது செய்யாத குற்றம்ங்க, ஏட்டு ஒருத்தர் கேட்டுக்கிட்டார்னு ஒத்துக்கிட்டேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எந்த ஏட்டு என்று கேட்டார் வக்கீல். நான் நிமிர்ந்து பார்த்தேன். வாசல் பக்கம் ஏட்டையா நின்றுகொண்டிருந்தார், வேறு கேஸுக்குக் கைதியைக் கொண்டுவந்தவர். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு அந்த மூணு பெண் குழந்தைகள்தான் ஞாபகம் வந்தது. பேரைச் சொன்னால் அவர் வேலை போய்விடும். எனக்கு ஞாபகம் இல்லீங்க என்றேன்.

“வேண்டியவங்க கேட்டா இந்தக் கூண்டுல நின்னு இல்லாததையும் சொல்லுவீங்க. இந்தக் கொத்தனாரும் உங்களுக்கு வேண்டியவர்தானே?”

என்ன பதில் சொல்வது? ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் பொய். அவ்வளவுதான், போகலாம் என்றார்கள். கூண்டை விட்டு இறங்கும்போது கொத்தனார் கக்கத்துக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் ஏட்டையா கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. குடும்பத்தைக் காப்பாத்திட்ட தம்பி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ அவரைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. உங்க நிஜார் தச்சாச்சு, எடுத்துட்டுப் போங்க என்று மட்டும் சொன்னேன். அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? தலையை ஆட்டியவன் நான்தானே. கொஞ்ச நாளில் அவருக்குப் பழனிப் பக்கம் மாற்றல் ஆகிவிட்டது.

மாசக் கணக்கில் இழுத்துத் தீர்ப்பு வந்தது. டிரைவரை விட்டுவிட்டார்கள். சைக்கிளில் விளக்கு எரிந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை, சாட்சி நம்பத் தகுந்தவர் அல்ல என்று எழுதியிருந்தது. குமாஸ்தா அதைப் படித்துச் சொன்னபோது கொத்தனாரும் கூடவே இருந்தான்.

திரும்பும்போது பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியெல்லாம் அவன் கட்டையை ஊன்றி மெதுவாக நடந்து வந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டான்.

“அந்தக் கேஸு ஒன்னு இருக்குன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே? டீக்கடைக்காரர சாட்சி போட்டிருப்போம்ல.”

கோபமாகக் கேட்கவில்லை. செங்கல் கணக்குத் தப்பினால் கேட்பது போலத்தான் கேட்டான். எனக்குத்தான் அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பொய்யைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம் இல்லை. அது ஒரு பொய் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதெல்லாம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கால் வளைந்து சேர்ந்ததால் அவனால் சாரம் ஏறிச் சுவர் வைக்க முடியவில்லை. உட்கார்ந்து செய்கிற தளவேலையும் பூச்சுவேலையும்தான் பார்க்கிறான். என்னிடம் இன்றைக்கும் அண்ணே என்றுதான் பேசுகிறான், பிள்ளைகளுக்குத் துணி தைக்க என் கடைக்குத்தான் அனுப்புகிறான். ஆனால் ஊரில் பேச்சு வந்தால், விளக்கில்லாமல் போய்க் காலை ஒடித்துக்கொண்டவன் என்றுதான் சொல்கிறார்கள். கோர்ட்டே சொல்லிவிட்டதே என்கிறார்கள். நான் குறுக்கே பேசினால், உனக்கென்னப்பா, நீ வேண்டியவன் என்று சிரிக்கிறார்கள்.

அதற்கப்புறம் ரெண்டு மூணு தடவை வேறு போலீஸ்காரர்கள் மாசக் கடைசியில் கடைப்பக்கம் வந்ததுண்டு. தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டே முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருதரம் அதற்காகக் காற்றைப் பிடுங்கினார்கள். அதை யாரிடமும் ஜம்பமாகச் சொல்லிக்கொள்ளவில்லை, உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவன் அன்றைக்கு விளக்கோடுதான் வந்தான், இடது ஓரமாகத்தான் வந்தான், அந்த விளக்கை என் கையால் நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன். கோர்ட்டில் என் வாயால் எழுத வைக்க முடியாமல் போனதை இந்தப் பத்திரிகையிலாவது எழுதி வைக்கிறேன், என்னைத் தெரியாத நீங்களாவது நம்பினால் அது போதும்.