வேலுச்சாமி பெயரில் இருந்த வாரண்டி

கோவில்பட்டி பைபாஸில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். கஸ்டமர் கேர் என்று பெயர். வேலை இரண்டு. வண்டிக்கு சர்வீஸ் தேதி வந்துவிட்டது என்று போன் போட்டுக் கூப்பிடுவது, வந்தவர்களிடம் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் சர்வீஸ் பேக்கேஜும் விற்பது. வேலையை விட்ட பிறகும் சர்ச் வாசலில், கல்யாணப் பந்தியில், பல் டாக்டர் வீட்டு வரிசையில் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். "எஸ்தர், அந்த வாரண்டிய நீட்டிக்கலாமா, வேண்டாமா? சர்வீஸுக்கு மொத்தமா முன்னாடியே கட்டுனா நமக்கு லாபமா?" வாய்க்குப் பஞ்சம் இல்லாதவள் நான். இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் வராது. வேலுச்சாமி அண்ணாச்சி வீட்டுக்கு நான் செய்த காரியம் நினைவுக்கு வந்துவிடும்.

அதைச் சொன்னால்தான் பதில் சொன்னதாக ஆகும்.

முதல் நாள் பாடம்

வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் வாரண்டிப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார். சின்ன எழுத்தில் இருபது பக்கத்துக்கு மேல் இருக்கும். நான் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

"ஏம்மா, என்ன செய்யுத?"

"படிக்கேன் சார்."

"அது படிக்கதுக்கு இல்ல, குடுக்கதுக்கு. நாம விக்கது நிம்மதி. அந்த ஒரு வார்த்தைய மட்டும் விடாம சொல்லு."

நான் விடாமல் சொன்னேன். அப்படியே வருடங்கள் ஓடின. புத்தகத்தில் பாதிதான் படித்திருந்தேன். மீதியை விற்பனை சொல்லிக்கொடுக்கும் என்று ஒரு மிதப்பு. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுவதில் எனக்கு அப்போதே நல்ல பெயர்.

படித்த பாதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வீஸ் பேக்கேஜ் என்பது ஆயில், ஃபில்டர், லேபர் ஆகியவற்றுக்குச் சில வருடத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டுவது. பிரேக் பேட், டயர், பேட்டரி அதில் வராது. எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது கம்பெனி கொடுக்கும் இரண்டு வருட வாரண்டி முடிந்த பிறகு பெரிய பாகம் ஏதாவது பழுதானால் காப்பது. தேய்வது, இடிப்பது, எலி வயரைக் கடிப்பது எதுவும் அதில் அடங்காது. நம் பக்கம் மக்காச்சோள மூட்டைக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்துவார்கள். எலி கடித்த வண்டியோடு வந்து என்னிடம் சண்டை போட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

கியர் மாத்த வேண்டாத வண்டி

வேலுச்சாமி அண்ணாச்சிக்குப் பசுவந்தனைப் பக்கம் மானாவாரி நிலம். உளுந்து, மக்காச்சோளம், கொஞ்சம் மிளகாய். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகினார். காரணம் அவருடைய மகள் பொன்மணி. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால் இரண்டும் வலுவில்லை. இரண்டு கையிலும் கம்பு ஊன்றி நடப்பாள். பஸ் படி அவளால் ஏற முடியாது. கோவில்பட்டியில் காலேஜில் இடம் கிடைத்ததும், அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டி வருவதற்காகவே கார் எடுத்தார். கியர் குழப்புகிறது என்று தானாகவே கியர் மாறும் ஏஎம்டி வண்டியாக எடுத்தார்.

டெலிவரி அன்று என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, புதுத் துண்டு. பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மாள்.

"எனக்கு மெஷினு ஒண்ணும் தெரியாதும்மா. புள்ள படிப்பு முடியுத வரைக்கும் வண்டி நிக்கக் கூடாது. அதுக்கு என்னத்தக் கட்டணும், சொல்லு."

"ரெண்டையும் எடுத்திருங்க அண்ணாச்சி. அஞ்சு வருஷத்துக்கு நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். நிம்மதி."

தினமும் நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடப்போகிற வண்டி. அதில் விலை கூடுதலான கியர் பாகம் இருக்கிறது. இன்று கேட்டாலும் அவருக்கு நான் அதையேதான் சொல்வேன். விற்றதில் தப்பில்லை.

அவர் மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியாட்டி, அஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல," என்றார்.

பொன்மணியின் படிப்பு மூன்று வருடம்தான். இரண்டு வருடம் மிச்சமாகவே கட்டியிருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஒரு போன்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ். முதல் இரண்டுக்கும் தேதி தவறாமல் வந்தார். ஐப்பசி மழையில் கரிசல் மண் சக்கரத்துக்குள் அப்பிக் காய்ந்திருக்கும். வாட்டர் வாஷ் செய்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். "நம்ம மண்ணு அப்டி, வந்தா லேசுல போவாது," என்று சிரித்துக்கொண்டே டீக்குக் கொடுத்துவிட்டுப் போவார்.

மூன்றாவது சர்வீஸுக்குத் தேதி கடந்துவிட்டது. ஆள் வரவில்லை. போன் போட்டேன். பொம்பிளைக் குரல்.

"வேலுச்சாமி சார் இருக்காங்களா?"

"இது அவிய போன்தான். நான் அவிய வீட்டுக்காரி."

"வண்டிக்கு சர்வீஸ் டியூ வந்திருக்கும்மா. சார் எப்ப வருவாங்க?"

லைன் போய்விட்டதோ என்று நான் இன்னொரு தடவை அதே கேள்வியைக் கேட்டேன்.

"அவிய போயி நாப்பது நாளாச்சு தாயி."

பேச்சியம்மாளே மேற்கொண்டு சொன்னார். மகளைக் காலேஜ் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறார். ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. ஹேண்ட் பிரேக் போட்டிருந்ததாம். அதை அந்த அம்மா இரண்டு முறை சொன்னார்.

அடுத்த வாரமே ஊர் டிரைவர் ஒருவரை வைத்து வண்டியை சர்வீஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பேச்சியம்மாளும் பொன்மணியும் கூடவே வந்தார்கள். அந்த டிரைவரை மாதச் சம்பளத்துக்குப் பேசி, மகள் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் பேச்சியம்மாள். வண்டிக்கு என்ன வேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டு போடும்போது, கம்ப்யூட்டரில் வேலுச்சாமி என்ற பெயரைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"இத மாத்தணுமா தாயி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "அன்னைக்கு நீ போன்ல பேரச் சொல்லிக் கேட்டியே, கேக்க நல்லா இருந்துச்சு. இப்ப ஊர்ல அவிய பேர யாரும் சொல்லுததில்ல. எறந்தவருங்காவ, பொன்மணி அய்யாங்காவ. பேரச் சொல்லிக் கூப்புட்டது நீ ஒருத்திதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வேண்டாம்மா. அவிய பேரே கெடக்கட்டும்," என்றேன்.

நான் செய்த தப்பு அந்த ஒரு வார்த்தைதான். ஓனர் மாறினால் முப்பது நாளைக்குள் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனை புத்தகத்தில் இருந்தது எனக்குத் தெரியும். வண்டியை விற்றால்தானே ஓனர் மாறுவார் என்று நினைத்திருந்தேன், செத்தாலும் மாறுவார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. முப்பது நாள் அப்போதே தாண்டியிருந்தது உண்மைதான். ஆனால் இறப்புச் சர்டிபிகேட்டோடு உடனே எழுதிக் கேட்டால், கொஞ்ச நாள் தாமதத்தை ஹெட் ஆபீஸ் மன்னித்துவிடும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வீஸுக்கும், "வேலுச்சாமி அண்ணாச்சி வீடா?" என்றுதான் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் "ஆமா தாயி" என்ற பதில் உடனே வரும்.

கையெழுத்து

பொன்மணி மூன்றாம் வருடம் படிக்கும்போது, கார்த்திகை மாதம், நல்ல மழையில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. கியர் விழவில்லை. கட்டி இழுத்து வந்தார்கள். வாரண்டி செக்ஷன் பார்த்த பால்ராஜ் அண்ணன் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார். "கியர மாத்துத ஆக்சுவேட்டர் போச்சு, அதனால கிளட்சும் சேந்து போச்சு. ஒண்ணும் கவலைப்படாதிய, வாரண்டில வரும்," என்றார். வாரண்டி இல்லாவிட்டால் அறுபதாயிரத்துக்கு மேல் ஆகும். அந்த வருடம் மழை முந்தி அடித்து உளுந்தெல்லாம் செடியிலேயே முளைத்துப்போயிருந்தது. பேச்சியம்மாள் கையில் அவ்வளவு பணம் கிடையாது.

கிளெய்ம் ஃபாரத்தில் ஓனர் கையெழுத்து வேண்டும். கூடவே ஆர்சி புக் காப்பியும். அப்போதுதான் பால்ராஜ் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஓனரு எறந்து ஒரு வருசம் ஆவப்போவுது, பேரு மாத்தலியா? ஹெட் ஆபீஸ்ல தெரிஞ்சா ஒரேயடியா தள்ளிருவான்."

"இப்ப என்ன செய்ய?"

"பழைய ஜாப் கார்டுல அவரு கையெழுத்து இருக்கும்லா. அதப் பாத்து அந்த அம்மாவ ஒண்ணு போடச் சொல்லு. யாரு பாக்கப் போறா?"

பால்ராஜ் அண்ணன் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளை நிலைமையைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் அதைப் பார்த்துத்தான் போனேன். பழைய ஜாப் கார்டு, கிளெய்ம் ஃபாரம், பேனா மூன்றையும் எடுத்துக்கொண்டு வெயிட்டிங் ஹாலுக்குப் போனேன். பொன்மணி கம்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேச்சியம்மாள் காதோடு விஷயத்தைச் சொன்னேன்.

அவர் ஃபாரத்தைப் பார்க்கவில்லை. ஜாப் கார்டைத்தான் பார்த்தார். கோணல்மாணலாக இருந்த அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது அவிய போட்டதுலா?"

"ஆமாம்மா. இதே மாதிரி இங்கன ஒண்ணு போட்டாப் போதும்."

பேனாவை வாங்கினார். பிறகு மூடி போட்டு என்னிடமே நீட்டினார்.

"பேரு கெடக்கட்டும்னு ஆசப்பட்டேன், நெசந்தான். ஆனா கையெழுத்து அவியளுது தாயி. அவிய உயிரோட இருக்காவன்னு நான் எப்படிப் போடுவேன்?"

"அம்மா, புள்ள படிப்பு."

"தெரியும்."

பொன்மணி எங்களைப் பார்த்தாள். "விடுங்கக்கா," என்றாள்.

உள்ளதை உள்ளபடி ஹெட் ஆபீஸுக்கு எழுதி அனுப்பினேன். இறப்புச் சர்டிபிகேட், வாரிசுச் சர்டிபிகேட் எல்லாம் சேர்த்தேன். தப்பு என்னுடையது, கஸ்டமருடையது இல்லை என்று மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில். உரிமை மாற்றம் குறித்த காலத்தில் தெரிவிக்கப்படாததால் நிராகரிக்கப்படுகிறது. மேனேஜர் கூப்பிட்டு, "நீ பாவம் பாத்தே. கம்பெனி பேப்பரப் பாக்கும்," என்றார்.

ரிப்பேர் செய்யாமல், நின்றது நின்றபடியே கழுகுமலைப் பக்கத்துக்காரர் ஒருவருக்கு வண்டியை விற்றார்கள். பொன்மணி ஒரு மாதம் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். ஒரு நாள் படியில் தவறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கம்பு ஊன்ற முடியவில்லை. கடைசிப் பரீட்சைக்கு அவள் போகவில்லை. இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு

வண்டியை வாங்கியவர் பேப்பரோடு வந்து பெயரை மாற்றிக்கொண்டார். பத்து நிமிடம் ஆனது. வேலுச்சாமி என்று இருந்த இடத்தில் நானேதான் புதுப் பெயரை அடித்தேன். பேக்கேஜில் மிச்சமிருந்த சர்வீஸ்கள் அவருக்குப் போயின.

சித்திரை கடைசியில் எனக்கு ஒரு போன் வந்தது. பேச்சியம்மாள்.

"இந்த மாசம் சர்வீஸுன்னு நீ கூப்புடுத மாசம்லா தாயி. போன் வரலியே."

"வண்டியதான் குடுத்தாச்சேம்மா. இனும அவங்களுக்குத்தான் போன் போவும்."

"அது தெரியும். சும்மாதான் கேட்டேன்."

என்மேல் ஒரு கோபமும் இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வேலுச்சாமி அண்ணாச்சி வீடுதான இது?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமா தாயி," என்றார். போனை வைத்துவிட்டார். அன்று பாத்ரூமில் போய் அழுதேன்.

இனி, கேட்டவர்களுக்குப் பதில். வருடத்தில் நாலு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற வண்டி என்றால் சர்வீஸ் பேக்கேஜ் வேண்டாம். அப்போதைக்கப்போது கட்டுங்கள். தினமும் ஓடுகிற வண்டி, ஐந்து வருடம் கையில் வைத்திருப்பீர்கள், கியரும் எலெக்ட்ரானிக்ஸும் விலை கூடிய வண்டி என்றால் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுங்கள். என்னென்ன அடங்காது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். சர்வீஸ் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். விற்கிறவளிடம் நிம்மதியைப் பற்றிக் கேட்காதீர்கள், நிபந்தனையைக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த வருடங்களில், போனில் யாராவது "அவிய இல்ல" என்று சொன்னால், வருத்தம் சொன்ன கையோடு, "பேர உடனே மாத்துங்க, இறப்புச் சர்டிபிகேட் எடுத்துட்டு இந்த வாரமே வாங்க," என்று சொல்லிவிடுவேன். காரியம் முடியாத வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். கல்நெஞ்சுக்காரி என்று என் காதுபடவே ஒருவர் திட்டினார். பேச்சியம்மாளிடம் அன்றைக்கே இப்படிச் சொல்லியிருந்தால் அவரும் என்னை அப்படித்தான் நினைத்திருப்பார். பொன்மணி பரீட்சை எழுதியிருப்பாள்.