மூன்றாவது கோப்பையில் மிளகு

மெல்பர்னில் ஒரு வைன் கடையின் பின்னறை. நீள மேசையில் ஒவ்வொருவர் முன்னும் மூன்று கண்ணாடிக் கோப்பைகள். மூன்றிலும் ஆஸ்திரிய வெள்ளை வைன். ஒரே தோட்டத்துத் திராட்சை, அறுவடை ஆண்டுதான் வேறு. புதியதில் மிளகு மணக்கும், பழசாக ஆக அது மறைந்து தேன் வரும் என்கிறார் கடைக்காரர். கையில் கொடுத்த ஆங்கிலத் தாளிலும் அப்படியே அச்சடித்திருக்கிறது.

எனக்கோ மூன்றாவது கோப்பையில், பத்து வருடப் பழையதில்தான் மிளகு தொண்டையைப் பிடிக்கிறது. சொல்கிறேன். சிரித்துக்கொண்டே, மறுபடி குடித்துப் பார்க்கச் சொல்கிறார். குடிக்கிறேன். மிளகேதான். நாற்பது வருடமாக ரசத்தில் குடிக்கிற மிளகை இவரா எனக்கு அறிமுகப்படுத்துவது?

வைன் ஊற்றிக்கொண்டு வரும் பெண் என் பக்கம் குனிகிறார்.

"அண்ணா தமிழோ? மூண்டாவதிலதான் மிளகு கூட. அந்த வருசம் அங்க சரியான குளிர். குளிர் வருசத்து மிளகு லேசில போகாது. நானும் சொன்னனான். ஊத்துறது மட்டும்தான் உன்ர வேலை எண்டு சொல்லிப்போட்டார்."

"இதைத் தாள்ல உங்க பேரோட எழுதட்டுமாங்க?"

"ஓம், எழுதுங்கோ. சுபா."

தாளில் தேனை அடித்துவிட்டு, 'மிளகு. சுபா சொன்னதுதான் சரி' என்று தமிழில் எழுதி நீட்டுகிறேன். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு சுபாவிடமே கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்.

சுபா போத்தலை மேசையில் வைக்கிறார். மேசை முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் வாசிக்கிறார், தன் பெயரையும் விடாமல்.