அண்ணாச்சிக்குப் புரிந்த ஒரே வரி

இரண்டாயிரங்களின் நடுவில் விருதுநகரில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகாசி அச்சகங்கள்தான் எனக்குச் சோறு போட்டன. அதில் ஓர் அச்சகத்தில், காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது, அச்சுத் தகட்டுக்குப் பிலிம் எடுக்கும் கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டி அடிக்கடி நின்றுபோனது. முதலாளி அண்ணாச்சி, அதில் வேலை பார்த்த பெண் மேல் பழியைப் போட்டார்.

"கண்டதையும் அமுக்கிக் கெடுத்துட்டா தம்பி. அனுப்பிர வேண்டியதுதான்."

அவளுடைய அம்மாவும் அக்காவும் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிறவர்கள். அங்கே போகக் கூடாது என்றுதான் அவள் கம்ப்யூட்டர் படித்தாள்.

கம்ப்யூட்டர் அப்படி விழும்போது, அந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததை ஒரு கோப்பில் கொட்டிவிடும். மெமரி டம்ப் என்போம். கெர்னல் டீபக்கர் என்ற பிழை தேடும் மென்பொருளில் அதைத் திறந்தால் பக்கம் பக்கமாக எண்ணும் எழுத்தும் கலந்த குப்பை. அதைக் கிளறியதில், தப்பு பிலிம் மெஷினை இயக்கும் டிரைவர் மென்பொருளில்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி வாய்ச்சொல்லை நம்புகிற ஆளில்லை. பொம்பளைப் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறேன் என்பார்.

அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று டீபக்கருக்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதினேன். எண்கள் இருந்த இடத்தில் பெயர்கள் வந்தன. எது எதைக் கூப்பிட்டது, கடைசியில் எது விழுந்தது என்று வரிசையாகக் காட்டியது. விழுந்த இடம் சிவப்பில். அப்போது ஓடிக்கொண்டிருந்த மற்ற நிரல்களையும், இன்னது இன்னது என்று விளங்கும்படி, கீழே சேர்த்தேன். எல்லாவற்றையும் காட்டினால்தானே நம்புவார் என்ற அதிபுத்திசாலித்தனம்.

அண்ணாச்சியின் விரல் சிவப்பு வரியைத் தாண்டிக் கீழே போய் நின்றது.

"இது சீட்டு வெளாட்டுத்தான தம்பி?"

அதுதான். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரும் விளையாட்டு. ஒரு பிலிம் வெளியே வர எவ்வளவோ நேரமாகும். அதுவரை சுவரையா பார்த்துக்கொண்டிருப்பாள்? சீட்டு ஆடினால் இது கெடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"ஆடுனது நெசந்தான?" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார். டிரைவரை மாற்ற மட்டும் என்னைக் கூப்பிட்டார். மாற்றினேன். அதன்பின் கம்ப்யூட்டர் ஒரு நாளும் நிற்கவில்லை.

"பாத்தீகளா, அவ போனா, மெஷின் ஓடுது" என்று என்னை வைத்துக்கொண்டே வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

சில மாதம் கழித்து சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஆலைப் பெண்களோடு நின்றிருந்தாள். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளி நிறத்தில் மருந்துப் பொடி.

"நல்லா இருக்கீகளாண்ணே?" என்று அருகில் வந்தாள். என் மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் இப்பவும் நின்னு நின்னு போகுதாண்ணே?"

அவள் போன பிறகு ஒரே ஒரு தடவை நின்றிருந்தால் போதும், அவள் மேல் தப்பில்லை என்று ஆகியிருக்கும். அதற்குத்தான் கேட்கிறாள்.

"இல்லம்மா, நல்லா ஓடுது" என்றேன்.