ஞானத்தாய் என்று கையெழுத்துப் போட்டவள்

அந்தக் கடிதம் எட்டு நாள் என் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. தினமும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போவேன். பிரித்தால் கடிதம் கண்ணில் படுமே என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு வருவேன். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வேறு. பிரசங்கத்தில் சாமியார் எதைச் சொன்னாலும் எனக்கே சொல்வதுபோல் இருக்கும்.

கடிதம் பாண்டியில் இருந்த அரசாங்கப் பெண்கள் இல்லத்திலிருந்து வந்தது. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு வருகிற சனிக்கிழமையோடு பதினெட்டு வயது முடிகிறது. அதற்குமேல் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அவளுடைய காகிதங்களில் உறவு என்று சொல்ல ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, ஞானஸ்நானச் சீட்டில் ஞானத்தாய் என்ற இடத்தில் உள்ள தங்கள் பெயர். சனிக்கிழமை பத்து மணிக்குள் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக முடியுமா என்று தலைவி அம்மா கேட்டிருந்தார்.

அந்தப் பெயரை எழுதியது நான்தான், மறுக்க முடியாது. அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் முற்றத்தில் விடிகாலை யாரோ ஒரு பச்சைக்குழந்தையைத் துணியில் சுற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததால் உடனே ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும், ஏந்துவதற்கு ஒரு பெண் வரட்டும் என்றார் சாமியார். அநாதைப் பிள்ளையை ஏந்துகிறவள் மடி சீக்கிரம் நிறையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. என் மாமியார் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"போய் வாங்குடி. இன்னா பாத்துக்கினு நிக்கிற?"

வாங்கினேன். பசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் குழந்தையைக் கேட்டார். உபதேசியார் கண்ணைக் காட்ட, குழந்தைக்குப் பதிலாக நான் "விட்டுவிடுகிறேன்" என்றேன். ஐந்தாவது படித்தவள், எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது மணிக்குப் போலீஸ்காரர் வந்து குழந்தையை எடுத்துப்போனார். மறுவருஷமே எனக்கு மகன் பிறந்தான். அந்தக் குழந்தையை நான் மறந்தேபோனேன்.

கடிதம் வந்த அன்று வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. சோறு போட்டுக்கொண்டே, யாருக்கோ நடந்ததுபோல் எடுத்து விட்டேன். ஹோமில் வளர்ந்த பிள்ளையை ஒரு வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களாம் என்றேன்.

"அந்த வூட்ல பையன் இருக்கானா?"

"இருக்கான்."

"அப்பறம் இன்னா கேள்வி? வயசுப் பையன வெச்சிக்கினு வயசுப் பொண்ண எவனாச்சும் உள்ள வுடுவானா? ஊரு சிரிக்கும். ரசம் ஊத்து."

எங்கள் மகனுக்குப் பதினேழு வயது. அதோடு பேச்சை விட்டுவிட்டேன். முடியாது என்றாவது ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அடுப்படியில் கை ஓடவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக் கழுவுகிறேன். ஒன்பதரைக்கு மேல் பொறுக்க முடியாமல் புடவையை மாற்றிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்காரர் மில்லில் இரவு ஷிப்டு முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் வில்லியனூர் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. ரயில் வருகிற வழியாகத் தெரியவில்லை. மாதாவே, மாதாவே என்று ஜெபமாலை மணியை உருட்டினேன். எட்டு நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது மாதாவை அவசரப்படுத்த எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

இல்லத்துக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று ஆகிவிட்டது. தலைவி அம்மா என்னைக் கோபிக்கவில்லை.

"பதில் வரலியேன்னு ஒரு வீட்டு வேலைக்குச் சொல்லி வச்சிருந்தேங்க. அவ போகமாட்டேன்னுட்டா. போன வருஷம் இங்கேர்ந்து ஒரு பொண்ணு அப்படித்தான் வேலைக்குப் போச்சு. ரெண்டே மாசத்துல அவங்க வெளிய அனுப்பிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்ததா ஒருத்தர் வந்து சொன்னாங்க. நாங்க போய்ப் பாக்கறதுக்குள்ள அங்கயும் இல்ல. அந்தப் பயம் இவளுக்கு."

"இப்ப எங்கம்மா போச்சு?"

"உங்க ஊருக்குத்தான். சீட்டுல இருக்கற பேரக் கேட்டுப் பாக்கறேன்னு கிளம்பிட்டா."

திரும்பி வந்த பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டு வாசலில் யாரும் இல்லை. வீட்டுக்காரர் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"வந்துச்சு. ட்ரங்குப் பொட்டியும் கையுமா. உன் பேர சொல்லிக் கேட்டுச்சு. அப்படி யாரும் இங்க இல்லன்னு அனுப்பிட்டேன்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"இன்னா பாக்கற? புத்தகத்துல நீ வெச்ச கடுதாசிய அன்னிக்கே படிச்சிட்டேன். நீயே கம்முன்னு இருந்த. சரி, உனக்கும் இஷ்டமில்லன்னு நெனச்சேன்."

செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினேன். பஸ் நிற்கும் இடத்தில் சோடாக் கடைக்காரரைக் கேட்டேன்.

"பொட்டி வெச்சிருந்த பொண்ணாம்மா? விழுப்புரம் பஸ்ல ஏறிச்சு. எங்க போவணும்னு கண்டக்டர் கேட்டான். அதுக்குச் சொல்லத் தெரில. எறக்கி வுட்டுட்டான். அதோ, அப்படிக்கா நடந்து போச்சு."

வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது. வாய்க்கால் மதகுமேல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். எதிரே ஒரு கரும்பு லாரி நின்றிருந்தது. ஒரு ஆள் கீழே இறங்கி அவளிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"ஏறு பாப்பா. எங்க வேணுமோ எறக்கி வுடறேன். எவ்ளோ நேரம் இப்படியே குந்திக்கினு இருப்ப?"

அவள் எழுந்துவிட்டாள். பெட்டியை அவன் கையில் கொடுக்கப் போகிறாள். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"ஏய்! பொட்டிய வுடுடா. என் பொண்ணுடா அது."

அவன் சிரித்தான். "உன் பொண்ணா? எனக்கு யாருமே இல்லன்னுச்சே. பெத்தத இப்படித்தான் ரோட்ல வுட்டுட்டுத் தேடுவீங்களா?"

அவன் கேட்டது எனக்கு உறைத்தது. ஆனாலும் லாரி போகும்வரை அவள் மணிக்கட்டை நான் விடவில்லை. பெயரைச் சொன்னேன். சட்டென்று கையை உருவிக்கொண்டாள்.

"அப்படி யாரும் இல்லன்னு உங்க வீட்ல சொன்னாங்களே."

"சொன்னது தப்பும்மா."

"கடிதம் வரலியா?"

வரவில்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. தபால்காரன் தலையில் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பெயரில்லாத ஒரு குழந்தைக்குப் பதிலாக ஒருதரம் வாய் திறந்தவள் நான். அதே பிள்ளைமுன் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"வந்து எட்டு நாளாச்சு. பயந்துபோய் மறைச்சி வெச்சிட்டேன்."

அவள் அழவில்லை. என் காலைப் பார்த்தாள். "செருப்பு போட்டுக்காம வந்துட்டீங்க" என்றாள். அப்புறம் கொஞ்ச தூரம் விட்டே என் பின்னால் நடந்து வந்தாள்.

வாசலுக்கு வந்ததும் உள்ளே வர மறுத்துவிட்டாள். "அவுரு வந்து சொல்லட்டும்" என்று வீதியில் நின்றுகொண்டாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. குழாயில் குடம் வைத்திருந்த பெண்கள் தண்ணீரை மறந்து எங்களையே பார்த்தார்கள்.

"யாருடி அது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என் ஞானப்பொண்ணு. என் புள்ளைக்குக் கூடப்பொறந்தவ மாதிரி" என்று உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னேன். எங்கள் வேதக்காரர் வழக்கத்தில் ஞானப்பிள்ளைக்கும் வயிற்றுப்பிள்ளைக்கும் கூடப்பிறந்த முறைதான். அவர்களுக்குள் கல்யாணப் பேச்சே கூடாது. அது என் வீட்டுக்காரருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் எனக்கு எட்டு நாள் ஆயிற்று.

கால் மணி நேரம் இருக்கும். அவள் பெட்டியைக் கீழேகூட வைக்கவில்லை. அவர் வெளியே வந்தார். ஊரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தாம்மா இல்லன்னு சொன்னேன்," என்றார். "இருக்கா. உள்ள வா."

நான் அவளுக்கு வீடு கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். முதலில் அவள் என் வீட்டில் இருந்தாளே தவிர, அது அவள் வீடாகவில்லை. மகன் அவளை "ஏய் ஹோமு" என்று கூப்பிட்டு, அவள் பதிலுக்கு "இன்னா டிராயரு" என்று சொல்லும் அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள். அப்படி இருந்தும் ஒவ்வொரு மாதமும் கடைசி நாள் காலையில் என் முன்னால் வந்து நிற்பாள்.

"இன்னும் இருக்கலாமாம்மா?"

இதென்ன கேள்வி என்று நான் ஒருமுறைகூட அவளைக் கடிந்துகொண்டதில்லை. கேட்கவேண்டியவள் கேட்கிறாள் என்று பட்டது. "இருக்கலாம்" என்பேன். பன்னிரண்டு மாதம் அப்படிக் கேட்டாள். பதின்மூன்றாவது மாதக் கடைசியில் காலை முழுக்கக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. எங்கே என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். குழாயடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக் கொடத்த நகத்தனது யாரு?"