திருப்பிப் பார்க்காத பக்கம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். நான் திருப்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். என் மகளுக்கு மங்கலத்திலிருந்து வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அவருடைய பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, உங்க தாத்தா ஊர்ல இருந்து தறிக்காரங்க யாரு யாரு எங்க போனாங்கன்னு எழுதுன நோட்டு ஒண்ணு இங்க லைப்ரரில இருக்குதாமுங்க. ஒரு எட்டு போய்ப் பார்க்கோணும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாக இல்லை. தாத்தா ஏன் ஊரை விட்டு வந்தார் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போனேன். உள்ளூர் வரலாற்றுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி. கோயில் விழா மலர்ப் புத்தகங்களுக்கு நடுவே அந்தக் கையெழுத்து நோட்டு இருந்தது. காலமாகிவிட்ட ஒரு பெரியவர் வீடு வீடாக விசாரித்து எழுதியதாம். நூலகர் பூட்டைத் திறந்து, "டீச்சரம்மாவுக்கு இல்லாததுங்களா? நிதானமாப் பாருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் பக்கத்துப் பெயர்ப் பட்டியலை வைத்துத் தேடினேன். நெய்யக் கொடுத்த நூலைத் தாத்தா விற்றுவிட்டார், ஊர் கூடி அவரை வெளியேற்றியது என்று நான்கு வரி இருந்தது.

பிள்ளைகள் புத்தக ஓரத்தை மடித்தாலே காதைத் திருகுகிறவள் நான். சத்தம் கேட்காமலிருக்க இருமிக்கொண்டே அந்தத் தாளைக் கிழித்தேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மனம் கேட்காமல் பந்தலில் பெரியப்பாவிடம் நானே நோட்டைப் பற்றிக் கேட்டேன். "அட, அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க!" என்று சிரித்தார்.

சில மாதம் கழித்து, எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகரின் மேசை முன்னால் பல்லடத்துக்காரர் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் அதே நோட்டு.

"பட்டியல்ல எங்க மாமன் பேரு இருக்குதுங்க. பக்கந்தான் இல்லீங்க. அம்மாவுக்கு எண்பதுக்கு மேல ஆச்சுங்க, படுத்த படுக்கை. உசுரு போறதுக்குள்ள அண்ணன் வகையில ஒருத்தரையாச்சும் பார்த்துப்போடோணும்னு பொலம்புறாங்க. அவங்க எந்த ஊருக்குப் போனாங்கன்னு தெரிஞ்சாப் போதுமுங்க."

நூலகர் முகம் வெளுத்துவிட்டது. "என்ற பொறுப்புல இருந்த நோட்டுங்க..." என்றவர் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்க பார்த்தப்ப இந்தப் பக்கம் இருந்துதுங்களா?"

"கவனிக்கலீங்க" என்றேன்.

என் முகம் எப்படி இருந்ததோ, வந்தவர் எனக்கே ஆறுதல் சொன்னார். "விடுங்கம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க?" நூலகரிடம் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

ஒரு வாரம் நூலகப் பக்கமே போகவில்லை. பிறகு போய் நூலகரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார், மேலே எழுதுவார், வேலையே போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் போனேன். அவர் அந்த நோட்டை எடுத்துக் கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"சரி விடுங்க. உங்க தாத்தா பேரு முன்பக்கம்னா, அவரு மாமன் பேரு அதே தாளுக்குப் பின்பக்கந்தான் வரும். அதுல என்ன ஊரு போட்டிருந்துதுன்னு சொல்லுங்க. அவருக்கு இப்பவே எழுதிப்போடலாம்."

நான் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அந்தக் கார்டு வெறுமையாகவே இழுப்பறைக்குள் போனது. யாரும் படித்துவிடக் கூடாது என்று நான் எரித்த நான்கு வரியும் இன்றுவரை எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. படுக்கையில் ஒரு தாய் தெரிந்துகொள்ளக் காத்துக் கிடந்த அந்த ஓர் ஊரின் பெயர்தான் தெரியவில்லை.