மஹ்ஜூபாவின் ஆட்டுத்தோல்

மெக்னெஸ் நகரச் சதுக்கத்தில் பல் பிடுங்கும் பூஅஸ்ஸாவுக்கு ஒரே தொழில் எதிரி, பக்கத்தில் கதை சொல்லும் மஹ்ஜூபா. அவள் வாயைத் திறந்தால் வருகிறவர்களுக்குப் பல்வலி மறந்துபோகும். தினமும் திட்டுவான், அவள் வராத நாளில் கடை விரிக்கவும் மாட்டான்.

தோல் பதனிடும் தொட்டிகளில் ஆட்டுத்தோல் அலசிய விதவை அவள். கழித்துப்போட்ட தோலில் மருதாணியும் குங்குமப்பூவும் குழைத்துப் படம் எழுதினாள். அதை விரித்துவைத்து, ஆண்கள் மட்டுமே கதை சொன்ன சதுக்கத்தில் சொல்ல வந்தாள். சிரித்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். இருபத்தெட்டு வருஷம். எழுதப் படிக்கத் தெரியாதவளின் படங்களைத் தலைநகர் ரபாத்தில் படித்தவர்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினார்கள்.

போன குளிர்காலத்தில் தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை.

வசந்தத்தில் திரும்பி வந்தபோது அவள் இடத்தில் குரங்காட்டி ஹம்மாதி மேளத்தோடு நின்றிருந்தான்.

“லல்லா” என்று மரியாதையாகவே கூப்பிட்டான். “கோவிச்சுக்காதீங்க. கதை நடந்தாத்தான் எடம் உங்களுது. இன்னிக்கு அந்தித் தொழுகைக்குள்ள நடக்கலேன்னா எனக்கு. சதுக்கத்து வழக்கம்.”

“கொரங்கப் பேச விடுடா, அதுக்காவது மரியாதை தெரியும்” என்றான் பூஅஸ்ஸா. ஆனால் வழக்கம் வழக்கம்தான்.

மஹ்ஜூபா தோலை விரித்தாள். நாணல் பேனாவால் ஒரு கிணறு. அருகே முதுகு காட்டிய பூதப்பெண். கூட்டம் இரக்கத்தோடு கூடியது. கதைக்காரிக்கு அதைவிட அவமானம் இல்லை. பூதத்துக்கு ஒவ்வொன்றாகப் பின்னல் போட்டாள். ஆறோடு நிறுத்திப் பேனாவைத் துடைத்தாள்.

“ஏழு!” என்றது ஒரு குரல்.

இல்லையென்று தலையாட்டினாள்.

“ஏழு, லல்லா! ஏழாவதுலதான கெணத்துச் சாவி இருக்கு!”

“சாவி இல்லப்பா, அவ புருஷனோட உசிரு!”

“யோவ், உசிரு மாதுளம்பழத்துக்குள்ள! தெரியலேன்னா வாய மூடு, நான் மொதல்லேர்ந்து சொல்றேன்!”

கதை தப்பாகப் போவதை அந்த ஊரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வட்டம் மொத்தமும் சொல்ல ஆரம்பித்தது. அவள் பேனா நீண்ட பக்கம் குரல் எழுந்தது. கை உயர்ந்தால் அடங்கியது. பூஅஸ்ஸாவிடம் வாய் திறந்து உட்கார்ந்திருந்தவன் குறடைத் தள்ளிவிட்டு, “குதிரைய விட்டுட்டீங்களே!” என்று கத்தினான். இத்தனை வருஷமாக இவள் கதை சொல்லவில்லை, இந்த மனிதர்களுக்குள் போட்டு வைத்திருக்கிறாள் என்று பூஅஸ்ஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது. குறடை வைத்துவிட்டு அவனும் வட்டத்தில் போய் உட்கார்ந்தான்.

மாதுளையைப் பிளக்கும் இடத்தில் பேனா அந்தரத்தில் நின்றது. சதுக்கம் மூச்சை அடக்கிக்கொண்டது. அந்த அமைதியில்தான் பள்ளிவாசலின் அந்தித் தொழுகை அழைப்பு ஒலித்தது. முடியும்வரை யாரும் அசையவில்லை.

ஹம்மாதி குரங்கை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மேளத்தை எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டு அவளிடம் திரும்பினான்.

“அப்புறம் என்ன ஆச்சு, லல்லா?”