இரண்டு ஊர் வெயில்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், டெல்லி வெயில் மோசமா மெட்ராஸ் வெயில் மோசமா என்று எங்கள் வீட்டில் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். பேசியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் டெல்லியில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் இருந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன். இன்னொருவர் மெட்ராஸ் பக்கம் புதிதாக வந்திருந்த கார் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன். அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்காக வந்திருந்தார்கள்.

அப்பா மஞ்சள் காமாலையில் போயிருந்தார். வெண்ணாற்றங்கரையில் ஓர் அரிசி ஆலையில் அவர் கணக்குப்பிள்ளை. நாங்கள் குடியிருந்தது ஆலை முதலாளி கொடுத்த வீடு. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுக் கணக்குப்பிள்ளை குடும்பத்தோடு வந்துவிடுவார் என்று முதலாளி அம்மாவிடம் மிகவும் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் அம்மாவும் நானும் எங்கே போவது என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது.

வெயில் அவர்களுக்குப் புதுப் பேச்சு இல்லை. கிறிஸ்மஸுக்கு வரும்போதெல்லாம் அதே போட்டிதான். “நாப்பத்தஞ்சு டிகிரி அடிச்சாலும் எங்க ஊர்ல வேர்வையே கிடையாது மச்சான். காலையில போட்ட சட்டைய சாயங்காலம் அப்படியே மடிச்சு வைக்கலாம்” என்பார் பெரியப்பா. மாமா விடமாட்டார். மூன்று மணியானால் கடல் காற்று வந்துவிடும், அதற்கு மேல் ஃபேன்கூட வேண்டாம் என்பார். அவர் வீட்டில் ஏசி வாங்கிய வருஷம் சாப்பாட்டின் நடுவே அதைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேர் இலையிலும் கறியைப் போட்டபடி, “எங்களுக்கு நெல்லு காஞ்சா சரி” என்று அப்பா சிரிப்பார்.

அன்று பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் இருவரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கரண்ட் இல்லை. ஆலைக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த புழுங்கல் நெல்லின் சூடு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மாமாதான் ஆரம்பித்தார்.

“தங்கச்சி பேசாம உங்களோட டெல்லிக்கு வரட்டும் மச்சான். புள்ள ஹிந்தி, இங்கிலீஷ்னு நல்லாப் படிச்சுக்கும். மெட்ராஸ்ல வேர்வையிலயே பாதி உசுரு போயிடும். என் பசங்களுக்கே முதுகெல்லாம் வேர்க்குரு.”

பெரியப்பா விசிறியை நிறுத்தினார். “டெல்லியில இப்ப அனல் காத்துல்ல மச்சான். வாசல்ல நின்னா அடுப்புக்குள்ள முகத்தை விட்ட மாதிரி இருக்கும். சின்னப் புள்ளைங்களுக்கு மூக்குல ரத்தம் கொட்டும். மெட்ராஸ்னா நம்ம பாஷை, நம்ம சாப்பாடு. கடல் காத்து வேற.”

“கடல் காத்தெல்லாம் பீச்சோட சரி. எங்க தெருவுக்குள்ள எங்க வருது?”

“ஏசி இருக்கே.”

“ஒரு ரூமுக்குத்தான இருக்கு. நாங்களே அதுல நெருக்கியடிச்சிப் படுக்கிறோம். நீங்க பெரிய கூலர் வச்சிருக்கீங்க.”

“கூலருக்குத் தண்ணி ஊத்தணுமே. எங்க காலனிக்குத் தண்ணி லாரியில வருது.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தங்கள் ஊரை ஒரு சொல்கூட விட்டுக்கொடுக்காதவர்கள் இப்போது ஒருவர் ஊரை மற்றவர் தூக்கி வைத்துப் பேசினார்கள். காலையில்தான் மாதா கோயில் பூசைப் பிரசங்கத்தில் சாமியார் தாழ்மையைப் பற்றிப் பேசியிருந்தார். அது இவ்வளவு சீக்கிரம் பலிக்கிறதே என்று நினைத்தேன். அப்பா இருந்து இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றும் தோன்றியது.

அவர்களுக்கு உதவி செய்ய வேண்டும் போல இருந்தது. “எனக்கு வேர்க்குருவே வராது மாமா. மூக்குல ரத்தமும் வந்ததில்ல பெரியப்பா. எந்த ஊர்னாலும் நான் இருந்துக்குவேன்” என்றேன்.

மாமா சுற்றாத ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பா செருமிக்கொண்டு, “புள்ளைக்கு என்ன தெரியும்” என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து மோர் கொண்டுவந்து இரண்டு பேர் முன்னாலும் வைத்தாள். முப்பது நாளாக அவள் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. மாமாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“வேணாண்ணே. நாங்க தஞ்சாவூர்லயே எங்கயாவது இருந்துக்குறோம். இந்த வெயில் எங்களுக்குப் பழகிப்போச்சு.”

“அதுவும் சரிதான்” என்றார் மாமா உடனே. “ஆத்துத் தண்ணியில வளர்ந்த உடம்பு, வேற ஊர் ஒத்துக்காது” என்றார் பெரியப்பா. அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். மோரைக் குடித்துவிட்டு உப்பு சரியாக இருப்பதாக இருவரும் சொன்னார்கள். வெயில் தாழ்ந்ததும் என் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, ஒரே காரில் தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். கார் களத்தைத் தாண்டுவதற்குள் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கார் மறையும் வரை கையாட்டினேன்.

பள்ளிக்கூடம் திறந்தபோது தஞ்சாவூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஹாஸ்டல் ஒன்றில் அம்மா சமையலுக்குச் சேர்ந்திருந்தாள். என்னையும் அங்கேயே தங்கிப் படிக்கச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வேளையும் அம்மா விறகடுப்பின் முன்னால் நின்றாள். மழைக்காலத்திலும் அவள் ரவிக்கையின் முதுகு நனைந்தே இருக்கும்.

ஒருநாள் காலை எனக்குத் தலை பின்னிவிட்ட பெரிய வகுப்பு அக்கா, “உங்களுக்குச் சொந்தக்காரங்கன்னு யாரும் இல்லையாடி?” என்று கேட்டாள்.

“ஏன் இல்ல? டெல்லியில பெரியப்பா, மெட்ராஸ்ல மாமா. அந்த வெயிலு எங்களுக்குத் தாங்காதுன்னு ரெண்டு பேரும் ரொம்பக் கவலைப்பட்டாங்க. அதான் இங்க இருக்கோம்” என்றேன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு சிக்கு எடுக்கும்போது வலிக்காமல் எடுத்தாள். பாவம், அவள் தஞ்சாவூரைத் தாண்டியதில்லை, அங்கேயெல்லாம் எப்படிக் கொளுத்தும் என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.